இங்க் குடிக்கிற தாள்

இறந்துபோன ஒருவருடைய முகத்தை எந்தப் பேப்பரில் அச்சடிப்பது என்று நீங்கள் எப்போதாவது கடையில் நின்று யோசித்திருக்கிறீர்களா?

சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து ஸ்டேஷனரி கடையில் தைரியராஜ் அதை யோசித்துக்கொண்டுதான் நின்றார். ஸ்கூல் விட்ட நேரம். சார்ட் பேப்பர் கேட்டும் பசை கேட்டும் பிள்ளைகள் அவரை இரண்டு பக்கமும் இடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் போட்டோ பேப்பர் பாக்கெட் ஒன்றைப் பிரிக்காமலே வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். கடையைப் பார்த்துக்கொள்ளும் பஸீலா நாலு பேருக்குச் சில்லறை கொடுத்துவிட்டு அவரிடம் வந்தாள்.

"போன வாரம் வாங்கிட்டுப் போனீங்களே சார், அது என்னாச்சு?"

"பளபளன்னு இருக்கும்மா."

"போட்டோ பேப்பர்னா பளபளன்னுதான் சார் இருக்கும். பளபளப்பு பத்தலன்னுதான் மத்தவங்க சண்டைக்கு வருவாங்க. நீங்க ஒருத்தர்தான் இப்படி." சிரித்துக்கொண்டே இன்னொரு பாக்கெட்டை எடுத்துப் போட்டாள். "இது மேட். பளபளப்பு இருக்காது. கல்யாண ஆல்பத்துக்கெல்லாம் இதைத்தான் கேக்குறாங்க. யாரு போட்டோ சார், பேரப்பிள்ளைங்களா?"

"வீட்டம்மா. பிப்ரவரியில போயிட்டாங்க."

பஸீலா உதட்டுக்குள் எதையோ ஓதினாள். அதற்குப் பிறகு கேலி பேசவில்லை. மேட் பாக்கெட்டைக் கவரில் போட்டுக் கொடுத்துவிட்டு, "இதுவும் சரிப்படலன்னா ஸ்ரீரங்கத்துல ரெங்கராஜ் அண்ணன் கடைக்குப் போய்ப் பாருங்க. பழைய சரக்கெல்லாம் வச்சிருப்பாரு. எங்ககிட்ட இவ்ளோதான்" என்றாள்.

சகாயம்மாள் காய்ச்சல் என்று படுத்தவள்தான், எழுந்திருக்கவில்லை. அடக்கத்துக்குப் படம் வேண்டும் என்று யாரோ அவளுடைய ஆதார் கார்டை எடுத்துக்கொண்டு ஸ்டுடியோவுக்கு ஓடினார்கள். மத்தியானத்துக்குள் பெரிய ஃபிரேமுக்குள் ஒரு அம்மா வந்து சேர்ந்தாள். அரக்குப் பட்டுச்சேலை, கழுத்தில் ஆரம். சகாயம்மாளிடம் அரக்குப் பட்டும் கிடையாது, ஆரமும் கிடையாது. முகம் சலித்த மாவு மாதிரி இருந்தது. சின்ன வயதில் அம்மை போட்ட தழும்பு அவளுக்குக் கன்னத்திலும் நெற்றி ஓரத்திலும் குழி குழியாக இருக்கும். அது ஒன்றுகூட இல்லை. "ஃபேஸ் க்ளீன் பண்ணிட்டேன் சார்" என்று ஸ்டுடியோக்காரர் பெருமையாகத்தான் சொன்னார். வந்த சனமும் "லட்சணமா இருக்காங்க" என்று சொல்லி அழுதது. அந்த நேரத்தில் தைரியராஜுக்கு எதையும் பார்க்கிற தெம்பு இல்லை. கே.கே. நகர் வீட்டு ஹாலில், திரு இருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே ஓர் ஆணி அடித்து அந்த அம்மாவை மாட்டினார்கள். அவளும் அங்கேயே இருந்துவிட்டாள்.

ஆடி மாதக் காற்றடித்த ஒரு காலையில், அடுப்படியில் பால் பொங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் அவருக்கு அது நடந்தது. சகாயம்மாள் இருந்தால் இந்நேரம் என்ன சொல்லியிருப்பாள் என்று நினைத்தார். குரல் வந்தது. "வாயப் பாத்துக்கிட்டு நிக்காம அடுப்பக் கொறைங்க" என்று தெளிவாக வந்தது. முகத்தை நினைத்தார். ஆரம் போட்ட அம்மா வந்தாள். கண்ணை மூடிப் பார்த்தார், திறந்துவிட்டு மறுபடியும் மூடினார். அவள்தான் வந்தாள், அந்த மாவு முகத்தோடு, சிரிப்பும் இல்லாமல் கோபமும் இல்லாமல். பால் பொங்கி அடுப்பு அணைந்து கேஸ் வாடை வந்த பிறகுதான் தைரியராஜ் கையை நீட்டி அடுப்பைத் திருகி மூடினார். பெண்டாட்டி செத்தபோதுகூட அவர் அப்படிப் பயந்ததில்லை.

வேறு படம் இல்லையா என்றால், இல்லை. தழும்புக்காகவே சகாயம்மாள் கேமராவைக் கண்டால் முந்தானையை இழுத்துக் கன்னத்தில் வைத்துக்கொள்வாள். இல்லை என்றால் பக்கத்தில் நிற்பவரின் தோளுக்குப் பின்னால் போய்விடுவாள். கல்யாண ஆல்பத்தில் பவுடர் அப்பியிருந்தார்கள், அதுவும் இப்போது மஞ்சளாகிவிட்டது. மிஞ்சியது ஒன்றே ஒன்று. முக்கொம்பு அணையில் எடுத்தது. ஷட்டரில் தண்ணீர் இரைந்து விழுவதை எடுக்கப் போன தைரியராஜ், சட்டென்று போனைத் திருப்பி இவளை எடுத்துவிட்டார். காற்றில் முடி பறக்க, கையில் பாதி கடித்த கொய்யாப் பழத்தோடு, "போதும், நிறுத்துங்க" என்று திட்டிக்கொண்டே நேராக அவரைப் பார்க்கிறாள். அந்த போன் செத்துப்போய்விட்டது. அன்றைக்கே மகன் ஜெஸ்வினுக்கு வாட்ஸப்பில் அனுப்பியது மட்டும் பிழைத்திருந்தது. கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு முகம். பெரிதாக்கினால் கட்டம் கட்டமாக உடைந்தது. அதோடு போனில் பார்க்கும்போது முகத்துக்குப் பின்னால் பல்பு எரிகிற மாதிரி இருந்தது. சகாயம்மாள் வெளிச்சம் போட்ட பொம்பளை இல்லை.

கனடாவில் இருக்கும் ஜெஸ்வின்தான் பிரிண்டரை வாங்கி அனுப்பியிருந்தான். பேத்தியின் படங்களை அப்பா அடித்துப் பார்த்துக்கொள்ளட்டும் என்று அனுப்பியது. காலேஜ் ஆபீஸில் முப்பது வருஷம் குப்பைகொட்டிய மனுஷனுக்கு பிரிண்டர் ஒன்றும் புதிதில்லை. ஆனால் அங்கே அடித்ததெல்லாம் சர்க்குலரும் ஹால் டிக்கெட்டும். ஒரு முகத்துக்கு இவ்வளவு பாடு என்று அவருக்குத் தெரியாது. முதலில் வாங்கிய பளபளப்புப் பேப்பர் படத்தில் இருந்த ஒவ்வொரு கட்டத்தையும் காட்டிக்கொடுத்தது. சகாயம்மாளின் கன்னம் பாத்ரூம் டைல்ஸ் மாதிரி வந்தது. அதைவிடக் கனமான பேப்பரில் முகம் சிவந்து, குடித்தவள் மாதிரி இருந்தாள். பஸீலா கொடுத்த மேட் பேப்பரில் சாம்பல் பூத்துவிட்டது. சவப்பெட்டிக்குள் வைத்துப் பார்த்த முகம் அது. அதை அவர் உடனே குப்புறக் கவிழ்த்து வைத்தார். செட்டிங்கை மாற்றினார், ஹெட்டைக் க்ளீன் பண்ணினார், இங்க் ஊற்றினார். மேஜை முழுக்க விதவிதமான பொம்பளைகள் கொய்யாப் பழத்தோடு அவரைப் பார்த்தார்கள். ஒருத்தியும் வீட்டுக்காரி இல்லை. ஒவ்வொன்றாகக் கிழித்துப்போடவும் மனசு வரவில்லை. எல்லாவற்றையும் ஒரே கட்டாகக் கட்டி, கட்டிலுக்கு அடியில் தள்ளினார்.

கல்லறைத் திருநாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அவள் போன பிறகு வருகிற முதல் கல்லறைத் திருநாள். நவம்பர் இரண்டாம் தேதி சாயங்காலம் எல்லாரும் சுண்ணாம்படித்த கல்லறைமேல் படத்தை வைத்து, மாலை போட்டு, மெழுகுவர்த்தி கொளுத்துவார்கள். ஃபாதர் வந்து ஜெபம் சொல்லி மந்திரிப்பார். சகாயம்மாளின் தங்கை டோரதி தன் வீட்டில் இருக்கும் ஸ்டுடியோ படத்தைத் தூக்கிக்கொண்டு வருவாள், சந்தேகமே இல்லை. அந்தப் பட்டுச்சேலைக்காரிக்கு முன்னால் எல்லாரும் முழங்கால் போட்டு ஜெபம் சொல்வார்கள். அதற்குப் பிறகு உள்ளே கிடப்பவளுக்கு யார் இருக்கிறார்கள்?

ஒன்றாம் நம்பர் பஸ்ஸைப் பிடித்து ஸ்ரீரங்கம் போனார். காவேரி பாலத்தில் பஸ் ஊர்ந்தது. மழை பெய்து ஆறு கலங்கலாகப் போய்க்கொண்டிருந்தது. ரெங்கராஜ் கடை உத்திர வீதியில் இருந்து பிரிகிற ஒரு சந்தில் இருந்தது. ஜெராக்ஸ், லேமினேஷன், யாத்திரை வருகிறவர்களுக்குப் பெருமாள் படம். முகப்பில் கயிறு கட்டிப் பெருமாளும் தாயாரும் கிளிப்பில் தொங்கினார்கள். தைரியராஜ் சொன்னதை முழுசாகக் கேட்காமலே ரெங்கராஜ் உள்ளே போய்ப் பரண்மேல் எதையோ உருட்டி, மூலை மடங்கிய ஒரு பழைய உறையைத் தட்டிக்கொண்டு வந்தார்.

"பளபளப்பு இல்லாதது இதுதான் சார் இருக்கு. சும்மா எடுத்துக்கங்க. எவனோ கம்பெனிக்காரன் ஆரம்பிச்ச வேகத்துல மூடிட்டுப் போயிட்டான். யாரும் வாங்கல."

"ஏன்?"

"இங்க்கக் குடிக்கும் சார். குடிச்சிட்டுப் பரப்பி விட்டுரும். பெருமாள் படம் போட்டுப் பாத்தேன், வேர்த்துக் கொட்டுன மாதிரி நிக்கிறாரு. வாங்குன மாமி, 'ஏன்டாப்பா, பெருமாளுக்கு ஜொரமா?'ன்னு கேட்டுட்டுப் போயிட்டாங்க." சிரித்துவிட்டு, உறையைக் கொடுக்கும்போது சொன்னார், "தண்ணி மட்டும் படாம பாத்துக்கங்க. ஒரு சொட்டு பட்டாலும் அவ்ளோதான்."

உறைக்குள் மூன்று தாள்தான் இருந்தது. தொட்டால் சுண்ணாம்புச் சுவர் மாதிரி இருந்தது. முதல் தாளை பிரிண்டர் இழுத்துக் கசக்கிவிட்டது. இரண்டாவதில் மஞ்சள் இங்க் இறங்காமல் முகத்துக்குக் குறுக்கே கோடு விழுந்தது. மூன்றாவதை வைப்பதற்கு முன்னால் தைரியராஜ் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார். சிலுவை போட்டுக்கொண்டார். பட்டனை அழுத்திவிட்டு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பகல் வெளிச்சம் ஜன்னல் வழியாக பிரிண்டர்மேல் விழுந்தது. பறக்கிற முடி முதலில் வந்தது. பிறகு நெற்றி. அந்தத் தாள் இங்க்கைக் குடித்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் பரப்பியதில் கட்டங்கள் ஒன்றோடு ஒன்று கரைந்துவிட்டன. நெற்றி ஓரத்துக் குழி வந்தது. அது படத்திலேயே இருந்ததா, அவர் கண் போட்டுக்கொண்டதா, தெரியவில்லை. புருவம், மூக்கு, திட்டுகிற வாய். நல்லெண்ணெய் தேய்த்து வெயிலில் நின்ற மாதிரி அவளுடைய கறுப்பு, ஒரு பொட்டுக் கூடாமல் குறையாமல் வந்தது. தாள் தட்டில் விழுந்தது. "போதும், நிறுத்துங்க" என்று பார்த்தாள்.

"சரி. நிறுத்திட்டேன்" என்றார் தைரியராஜ், சத்தமாகவே.

அன்றைக்கே ஸ்டூலைப் போட்டு ஏறி, ஹாலில் இருந்த ஸ்டுடியோ படத்தைக் கழற்றி, பீரோ மேலே சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தார். ஆணியை மட்டும் பிடுங்கவில்லை. இந்தப் படத்துக்கு ஃபிரேம் போட்டு அங்கேயே மாட்டலாம் என்று நினைத்தார். ராத்திரி ஜெஸ்வின் வீடியோ காலில் வந்தபோது, தாளை ஓரத்தில் பிடித்துக் காட்டினார்.

"யாருப்பா இது?" அவன் போனைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்ப்பது தெரிந்தது. "அம்மாவா? ஏம்ப்பா இவ்ளோ மங்கலா இருக்கு? கறுப்பா வேற அடிச்சிருக்கு."

"அவ கறுப்புதான்டா."

"இல்லப்பா, அதுக்குன்னு... அந்த ஸ்டுடியோ போட்டோ நல்லாத்தானே இருக்கு? நான் அதைத்தான் வச்சிருக்கேன். பாப்பா அதைப் பாத்துத்தான் பாட்டி பாட்டின்னு முத்தம் குடுக்குறா."

பேத்தி முத்தம் கொடுக்கிற அந்த அம்மா பீரோ மேல்தான் இருந்தாள். ஒருவேளை பத்து வருஷம் கழித்து இந்த உலகத்தில் சகாயம்மாள் என்றால் அவள்தான் என்று ஆகிவிடும். இப்போதே ஆகிவிட்டது. கடைசி ஆளாகத் தான் ஒருத்தன் மட்டும் மறுத்துக்கொண்டு நிற்பதாக அவருக்குத் தோன்றியது. மறுநாள் தன் போனில் இந்தப் படத்தைப் படமெடுத்துப் பார்த்தார். போனுக்குள் போனதும் பின்னால் பல்பு எரிந்துவிட்டது. அழித்துவிட்டார்.

இரண்டாம் தேதி காலையில் இருந்தே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நவம்பர் மழையை நம்ப முடியாது. படத்தை அட்டையில் ஒட்டி, கனமான பாலிதீன் கவருக்குள் போட்டு, நாலு ஓரத்தையும் டேப் போட்டு அடைத்தார். குடை எடுத்துக்கொண்டார். கல்லறையில் படத்தைச் சாத்தி வைக்க, ஈரத்தில் படாமல் இருக்க ஒரு மரப்பலகையும் கொண்டுபோனார். மெழுகு சொட்டினால் என்ன செய்வது, மாலையில் இருந்து தண்ணீர் வழிந்தால் என்ன செய்வது, பூக்காரியிடம் தண்ணீர் தெளிக்காத பூவாகக் கேட்பது வரைக்கும் யோசித்து வைத்திருந்தார்.

கல்லறைத் தோட்டத்தில் கால் வைக்க இடம் இல்லை. சாமந்தி வாசனையும் சாம்பிராணிப் புகையும் மெழுகு வாடையும் கலந்து அடித்தன. டோரதி கை நிறைய மெழுகுவர்த்திக் கட்டோடும், கக்கத்தில் இடுக்கிய ஸ்டுடியோ படத்தோடும் வந்தாள். பலகைமேல் கவருக்குள் இருந்ததைப் பார்த்துவிட்டு, "என்னத்தான், அக்காவுக்கு மழைக்கோட்டு போட்டுக் கூட்டிட்டு வந்திருக்கீங்க?" என்று சிரித்துக்கொண்டே குனிந்தவள், அப்படியே நின்றாள். கக்கத்தில் இருந்த படம் நழுவியது. அதைப் பிடிக்கவும் இல்லை.

"ஐயோ, திட்டப்போறா பாருங்க" என்றாள். பிறகு கன்னத்தைத் தொட்டுக் காட்டி, "இந்தத் தழும்ப நானே மறந்துட்டேன் அத்தான். எப்படி மறந்தேன்? கூடப் பொறந்தவ நான்" என்று சொல்லிக் கல்லறை ஓரத்தில் உட்கார்ந்து அழுதாள். பிப்ரவரியில்கூட அவள் அப்படி அழவில்லை. தைரியராஜுக்கு அழுகை வரவில்லை. பல மாதத்துக்குப் பிறகு நெஞ்சில் இருந்து ஒரு சுமை இறங்கின மாதிரி இருந்தது. தான் ஒருத்தன் மட்டும் இல்லை, இன்னொரு ஆளும் இருக்கிறது.

இருட்ட ஆரம்பித்து எல்லாக் கல்லறையிலும் மெழுகுவர்த்தி எரிந்தபோது பாலிதீன் கவர் அத்தனை வெளிச்சத்தையும் வாங்கித் திருப்பி அடித்தது. முகம் தெரியவில்லை. கவருக்குள் நெருப்பு மட்டும்தான் ஆடியது. ஃபாதர் மூன்று வரிசைக்கு அப்பால் வந்துகொண்டிருந்தார்.

"கவர எடுத்துருங்கத்தான். ஃபாதர் வர்ற நேரத்துல மூடியா வைக்கிறது? பாவமா இருக்கு."

தைரியராஜ் வானத்தைப் பார்த்தார். நட்சத்திரம் தெரிந்தது. காற்றுகூட ஈரமாக இல்லை. டேப்பைப் பிரித்து, சகாயம்மாளை வெளியே எடுத்துப் பலகைமேல் சாத்தினார். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அவள் இன்னும் உயிரோடு தெரிந்தாள். பக்கத்துக் கல்லறைக்கு வந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். தைரியராஜ் முழங்கால் போட்டார். ஃபாதர் வந்தார், சின்ன வயசுக்காரர், இத்தனை கல்லறையையும் சீக்கிரம் முடிக்க வேண்டிய அவசரம். கூட ஒருவர் எவர்சில்வர் வாளி பிடித்திருந்தார். "நித்திய இளைப்பாற்றியை இவருக்கு அளித்தருளும் ஆண்டவரே" என்று ஃபாதர் தொடங்க, எல்லாரும் தலை குனிந்தார்கள். தைரியராஜும் குனிந்தார். ஃபாதர் வாளியில் இருந்து தெளித்த தீர்த்தம் பிடரியில் குளிர்ச்சியாக விழுந்தது. நல்லா விழட்டும், அவளுக்கும் விழட்டும் என்று நினைத்தார். அப்படித்தான் நினைத்தார். வருஷா வருஷம் நடப்பதுதான், அப்பாவுக்கு, அம்மாவுக்கு, எல்லாருக்கும் நடந்ததுதான். மழைக்கும் மாலைக்கும் மெழுகுக்கும் பயந்த மனுஷனுக்குத் தீர்த்தமும் தண்ணீர்தான் என்பது நிமிர்ந்து பார்க்கிற வரைக்கும் தோன்றவில்லை.

ஒரு சொட்டு கொய்யாப் பழத்தில் விழுந்திருந்தது. ஒன்று நெற்றியில். ஒன்று கண்ணுக்குக் கீழே விழுந்து, கன்னத்தின் நிறத்தையெல்லாம் கூட்டிக்கொண்டு மெதுவாகக் கீழே இறங்கியது. "ஐயோ" என்று தைரியராஜ் கைக்குட்டையை எடுத்துத் துடைத்தார். துடைத்திருக்கக் கூடாது. ஒரே இழுப்பில் கண்ணும் கன்னமும் வாயும் ஒரு பக்கமாகப் போய்விட்டன. டோரதி அவர் கையைப் பிடித்து இழுத்தாள். ஃபாதர் அடுத்த கல்லறைக்குப் போய்விட்டிருந்தார். "முடிவில்லாத ஒளி இவர்மேல் ஒளிர்வதாக" என்று சனம் பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

கூட்டம் கலைந்த பிறகும் அவர் கல்லறை விளிம்பில் உட்கார்ந்திருந்தார். சிலுவைப் பாதைப் படத்தில், ஒரு பெண் துடைத்த துணியில் அப்படியே பதிந்த ஆண்டவருடைய முகத்தைச் சின்ன வயதில் இருந்து வருஷம் தவறாமல் பார்த்து முழங்கால் போட்டவர். கைக்குட்டையை விரித்து மெழுகுவர்த்திக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். கறுப்பும் சிவப்புமாக ஒரு கறை இருந்தது. இந்தப் பக்கம் திருப்பினார், அந்தப் பக்கம் திருப்பினார். கறைதான். போனை எடுத்து ரெங்கராஜைக் கூப்பிட்டார்.

"அதான் கடைசி சார். பரண்ல இனிமே ஒண்ணும் இல்ல. வேற பேப்பர் தரட்டுமா? நல்லா பளபளன்னு வரும்."

"வேணாங்க" என்று வைத்துவிட்டார். டோரதி தான் கொண்டுவந்த ஸ்டுடியோ படத்தைத் தரையில் இருந்து எடுத்து, மண்ணைத் தட்டி, அவர் முகத்தைப் பார்க்காமல், பலகைமேல் சாத்தி வைத்தாள். மாலையையும் அதற்கே போட்டாள். அவர் தடுக்கவில்லை. ஆட்டோவில் போகும்போது கண்ணை மூடிப் பார்த்தார். குரல் வந்தது. ரயில்வே மேம்பாலம் ஏறி இறங்குகிற வரைக்கும் குரல் மட்டும் வந்தது.

மறுநாள் காலை தைரியராஜ் கைக்குட்டையைத் துவைத்துக் கொடியில் போட்டார். கறை போய்விட்டது. பிறகு ஸ்டூலைப் போட்டு ஏறி, பீரோ மேல் இருந்த படத்தை எடுத்து, தூசியைத் துடைத்து, ஹாலில் அதே ஆணியில் மாட்டினார்.